செக்ரோலில் இல்லாத பெயர்கள்

டேவிட் லீன் இயக்கிய ‘குவாய் நதிப் பாலம்’ 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றும் அதற்கே போயின. சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டில் ஜப்பானியரின் ரயில் பாதைக்காகப் போர்க்கைதிகள் ஒரு மரப்பாலம் கட்டும் கதை அது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் மரம் அறுப்பவர்கள், மண் சுமப்பவர்கள், ஆற்றில் இறங்கிக் கட்டை நடுபவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் சிப்பாய்கள். அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் மட்டுமே 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தமிழர்கள். பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் மொத்தமும் அறுபதாயிரம் சொச்சம்தான். ஆனாலும் மலாயாத் தோட்டத்திலிருந்து போன ஓர் ஆள்கூட அந்தத் திரையில் மண் சுமக்கவில்லை.

நான் கெடாவில் செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் எழுதுவதுதான் என் வேலை. விடியற்காலைப் பிரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த வெட்டு, எத்தனை ராத்தல் பால், அரிசிக்கும் அட்வான்சுக்கும் எவ்வளவு பிடித்தம் என்று பெயர் பெயராக எழுதியே என் காலம் போனது. அந்தப் பழக்கத்தினால் சரித்திரப் படம் எதைப் பார்த்தாலும், இதை எடுத்தவர் கையில் என்ன தாள் இருந்தது என்று கேட்கத் தோன்றும். சீருடையின் பொத்தான் சரியா, துப்பாக்கி அந்த வருடத்துத் துப்பாக்கிதானா என்று தேடுகிற ரசிகர்கள் உண்டு. அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். என் கேள்வி வேறு. பிரட்டில் நின்ற ஆளுக்குப் படத்தில் இடம் இருக்கிறதா?

இந்தப் படத்தைத் தாளோடு ஒப்பிட்டால் தவறுகள் வரிசையாக வரும். படத்தில் வரும் பிரிட்டிஷ் கர்னல், எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுப்பதையே பெருமையாக நினைக்கிறார். உண்மையில் தமார்க்கான் முகாமில் கைதிகளுக்கு மூத்த அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூசி. தம் ஆட்களின் உயிரைக் காப்பாற்ற ஜப்பானியரோடு நாள்தோறும் மல்லுக்கு நின்றவர். அவரைத் துரோகி போலக் காட்டிவிட்டார்கள் என்று அவர் கீழிருந்த சிப்பாய்கள் கடைசிவரை வருந்தினார்கள். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்பதும் கட்டுக்கதை. அவர்கள் தமார்க்கானில் ஒரு மரப்பாலமும், ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இரும்பு வளைவுகளை வைத்து இன்னொரு பாலமும் எழுப்பினார்கள். படத்தில் வருவதுபோலக் கமாண்டோக்கள் யாரும் வெடி வைக்கவில்லை. நேசநாட்டு விமானங்கள் 1945இல் குண்டு போட்டுத் தகர்த்தன. பழுது பார்த்த இரும்புப் பாலத்தில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. அது நின்ற ஆறு அப்போது குவாயும் இல்லை, மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் குவாய் எங்கே என்று கேட்கத் தொடங்கிய பிறகு, 1960களில் தாய்லாந்து அந்தப் பகுதி ஆற்றுக்குக் குவாய் யாய் என்று பெயரிட்டது. ஒரு படத்துக்காக நாட்டின் வரைபடமே திருத்தப்பட்டிருக்கிறது.

படம் எடுத்த இடமும் சயாம் இல்லை. இலங்கையில் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கலவில் பாலம் கட்டி, 1957 மார்ச்சில் நிஜ ரயிலையே அதன்மேல் ஓட்டி வெடித்தார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலையும் ரப்பரும் பயிராகின்றன. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். படக்குழு எங்கே திரும்பியிருந்தாலும் தோட்டத் தமிழன் கண்ணில் பட்டிருப்பான்.

மூல நாவலை 1952இல் எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரரை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அவர் 1936இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். துரைமார் வரிசையில் நின்று பால்வெட்டுத் தொழிலாளிகளை அன்றாடம் கண்டவர். அவருக்குத் தெரியாத முகங்களா இவை? அந்தப் படத்துக்கே பெயர் விடுபட்ட கதை ஒன்றும் உண்டு. திரைக்கதைக்கான ஆஸ்கார் பூலின் பெயரில் கொடுக்கப்பட்டது. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் என்ற இருவர். கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட் ஒதுக்கி வைத்திருந்ததால் அவர்கள் பெயர் திரையில் வரவில்லை. 1984இல், இருவரும் இறந்த பிறகு, அகாடமி அதைத் திருத்தியது. வேலை செய்தவன் பெயர் பட்டியலில் வர வேண்டும் என்ற நியாயத்தை ஹாலிவுட் தன் ஆட்கள் விஷயத்தில் ஒப்புக்கொண்டது. அது சரியான காரியம். பாதை போட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இனி அந்தப் பாதை. தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் கொன்கொய்தாவில் இரு பக்கத் தண்டவாளங்களையும் இணைத்தார்கள். 1943 தொடக்கத்தில் தோக்கியோவிலிருந்து அவசர உத்தரவு வந்தது. கைதிகள் மட்டும் போதவில்லை. மலாயா, பர்மா, ஜாவா என்று எல்லாப் பக்கமும் ஆள் பிடித்தார்கள். ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் அந்தக் காட்டுக்குள் போனார்கள். அவர்களில் 90,000 பேர் அளவில் செத்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்குச் சற்று மேல்.

எங்கள் கெடாவுக்கு ரப்பர் வருமானம் போரோடு நின்றது. ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கினான். அதே வாரத்தில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை உடைந்தது. துரைமார் காரேறித் தெற்கே ஓடினார்கள். தோட்டத்தில் மிஞ்சியவர்கள் கிராணி, கங்காணி, தொழிலாளி மட்டுமே. பால் வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பினார்கள். அந்தப் பசியில்தான் ஜப்பானியரின் அறிவிப்பு வந்தது: மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்க இடம். முதலில் நம்பிப் போனார்கள். போனவர் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு விதித்தார்கள். ரோட்டில் போனவனைப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டி, கதவை அடைத்து லாரியில் ஏற்றியதும் நடந்தது. சினிமாவின் பெயரால் எங்கள் ஆட்கள் காட்டுக்குப் போன கதை இது. அதைப் பற்றி ஹாலிவுட் இன்னும் ஒரு காட்சிகூட எடுக்கவில்லை.

தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்றால் யார் போவது என்று பெயர் குறித்தது யார்? கிராணியும் கங்காணியும்தான். பயத்தில் எழுதினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. எழுதாவிட்டால் அவர்கள் கழுத்துக்குக் கத்தி. ஆனாலும் கல்யாணமாகாத பையன், விதவையின் ஒற்றை மகன், கங்காணிக்கு வேண்டாதவன் என்று எளியவர்களின் பெயரே முதலில் ஏறியது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் உட்கார்ந்த நாற்காலியில் எனக்கு முன்னே உட்கார்ந்திருந்தவர் எழுதிய வேலை அது. அந்தத் தாள் ஒன்றுகூட எங்கள் தோட்ட ஆபீசில் இல்லை. போருக்கு முந்திய செக்ரோல் சில இருந்தன. 1946க்குப் பிந்தியவை இருந்தன. நடுவில் உள்ள வருடங்களுக்கு ஒன்றுமே கிடையாது.

என் அம்மாவின் அண்ணன் அப்படிப் போனவர். எனக்குப் பெரிய மாமா. பாட்டி தன் கடைசிக் காலம்வரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை.

“மூணு மாசம்னுதான்யா சொல்லிக் கூட்டிட்டுப் போனான். செத்துட்டான்னு எவன் எழுதிக் குடுத்தான்? நீ கிராணிதானே, உன் புஸ்தகத்துல இருக்கா?” என்று என்னிடமே கேட்பார்.

என் புத்தகத்தில் இல்லை. சுங்கைப்பட்டாணியில் ஆட்டுமாடு ஏற்றும் பெட்டியில் ஏற்றினார்கள் என்பது வரை பாட்டிக்குத் தெரியும். எல்லையிலுள்ள பாடாங் பெசார் தாண்டினால் அவருக்கும் இருட்டு, எங்களுக்கும் இருட்டு. எங்கள் லயத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒரு பெரியவர் இருந்தார். காலில் பெரிய வடு. வாந்திபேதி வந்த கொட்டகையை ஆளோடு கொளுத்தினார்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னார். சொன்னவர் எழுந்து போய்விட்டார். திரும்பக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போர் முடிந்ததும் என்ன நடந்தது என்று பார்த்தால், சினிமா ஏன் அப்படி ஆனது என்பது விளங்கும். 1945 செப்டம்பரிலேயே நேசநாட்டுக் குழு ஒன்று பாதை நெடுகப் போய்க் கைதிகளின் புதைகுழிகளைத் தேடியது. கைதிகளே முகாமில் மறைத்து வைத்திருந்த சாவுக் குறிப்பேடுகள் வழிகாட்ட, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அடையாளம் கண்டார்கள். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை வரிசை. சுங்காயிலும் தான்பியூசாயாட்டிலும் இன்னும் பல ஆயிரம். கைதிகளுக்கு ஜப்பானியர் எழுதிய அட்டைத் தொகுப்பு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 345 என்ற வரிசை எண்ணில் இருக்கிறது. பெயர், படைப்பிரிவு, பிடிபட்ட நாள், தகப்பன் பெயர் வரை அதில் உண்டு. எந்தப் படக்காரரும் போய்ப் பார்க்கலாம். எரிக் லோமாக்ஸ் என்ற கைதியின் வாழ்க்கையை ‘தி ரயில்வே மேன்’ என்று 2013இல் படமாக்கினார்கள். அவர் தாமே எழுதிய புத்தகம் இருந்தது, அவரைச் சித்திரவதை செய்த முகாமின் தடயம் இருந்தது. தாள் இருந்தவனுக்குக் கதை வந்தது.

நம் ஆட்களுக்கு அட்டை இல்லை, எண் இல்லை, படைப்பிரிவு இல்லை. போருக்குப் பின் கணக்கெடுத்தவர்கள், மலாயாவிலிருந்து போனவர்களில் 30,000க்குக் கிட்ட இறந்தார்கள் என்றும் 20,000க்கு மேல் ஓடிப்போனார்கள் என்றும் தொகை போட்டார்கள். செக்ரோல் எழுதியவனாகச் சொல்கிறேன், அந்த ‘ஓடிப்போனவர்’ என்ற கட்டத்தை நான் நம்பமாட்டேன். ஆள் வேலைக்கு வரவில்லை, பிணத்தையும் யாரும் பார்க்கவில்லை என்றால் கிராணி என்ன எழுதுவான்? காய்ச்சலோடு மூங்கில் காட்டுக்குள் நுழைந்தவன் எத்தனை மைல் ஓடியிருப்பான்? அந்தக் கட்டத்தில் பெரும்பாதி சாவுக் கட்டமே.

நம்மவர் அங்கே எப்படிச் செத்தார்கள் என்பதற்குக் கிடைக்கிற சிறந்த சாட்சி வெள்ளைக்காரக் கைதிகளின் எழுத்திலேயே இருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1943 மே, ஜூனில் வாந்திபேதி கூலி முகாம்களை வாரிக்கொண்டு போனதை அடுத்து, சிங்கப்பூரிலிருந்து கே படை, எல் படை என்று மருத்துவக் கைதிகளை அந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ‘கூலி ஆஸ்பத்திரி’ என்ற பெயரில் இருந்த கொட்டகைகளைக் கண்டு அறிக்கை எழுதினார்கள். மருந்து இல்லை, தண்ணீர் கொதிக்க வைக்கப் பானை இல்லை, மூங்கில் தட்டியில் செத்தவனும் உயிரோடிருந்தவனும் பக்கத்தில் பக்கத்தில். போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் டாக்டராக இருந்த ராபர்ட் ஹார்டி கைதியாகி, மறைத்து வைத்து எழுதிய நாட்குறிப்பு 1983இல் நூலாக வந்தது. தோட்டத் தமிழரை அறிந்தவர் என்பதால் அவர் கண்ணில் நாம் வெறும் கூட்டமாகத் தெரியவில்லை. கைதிகளுக்கு ராணுவ ஒழுங்கு இருந்தது, தங்களுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள், குழி எங்கே வெட்டுவது, தண்ணீரை எப்படிக் காய்ச்சுவது என்று சொல்ல ஆள் இருந்தார். தோட்டத்திலிருந்து மனைவி பிள்ளையோடு போனவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சாவு விகிதம் அத்தனை வேறுபட்டதற்குக் காரணம் இதுதான். ஆகவே அந்தப் பாதையைப் பற்றி எடுக்கும் படத்தில் நாம் இல்லை என்றால், காரணத்தையே விட்டுவிட்டு எடுத்த படம் அது.

காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். பாலத்துக்குச் சற்று தூரத்தில் ஜப்பானிய ராணுவமே 1944இல் கட்டிய ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. இறந்தவர்களின் மொழிகளில் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அதில் தமிழும் உண்டு. கொன்றவன் தமிழில் ஒரு பலகை வைத்தான். பதின்மூன்று வருடம் கழித்து வந்த படம் அதைக்கூடச் செய்யவில்லை. அந்தப் பலகைக்கு முன் நின்றபோது என் கோபம் யார்மேல் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

ஹாலிவுட் தாளை மதிப்பதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ 1993இல் வந்தது. படத்தின் பெயரே ஒரு பட்டியல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களின் பெயரைத் தட்டச்சு செய்த தாள் அது. தட்டச்சு எந்திரத்தில் பெயர் பெயராக விழும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சடைக்கும். எந்தத் தொழிற்சாலையில் யார் என்று எழுதி வைத்த தாள் பிழைத்ததால் அரை நூற்றாண்டு கழித்தும் முகங்கள் திரும்ப வந்தன. எங்கள் கிராணிகள் எழுதியதும் பட்டியல்தான். அது சாவுக்கு அனுப்பிய பட்டியல், அதுவும் மிஞ்சவில்லை.

தாள் மிஞ்சுவதற்கு ஒரு காரணம் வேண்டும். எங்கள் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை கட்டிக் கள்ளுக் கடைக்கு எதிராக ஆட்களைத் திரட்டினார். 1947 பிப்ரவரி 28இல் பீடோங்கில் போலீசோடு மோதல், ஓர் உயிர் போனது. சில நாளில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீஸ் புகுந்தது. அந்த வாரத்தைப் பற்றிப் போலீஸ் அறிக்கை, தொழிலாளர் இலாகா கடிதம், பத்திரிகைச் செய்தி எல்லாம் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் நூலே எழுதிவிட்டார்கள். அரசாங்கம் பயந்தால் எழுதும். அதே தோட்டங்களிலிருந்து நாலு வருடத்துக்கு முன் ரயிலேறிப் போனவர்களைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. 1943 அக்டோபரில் கெடா முழுவதையும் ஜப்பான் சயாமிடமே ஒப்படைத்துவிட்டது. ஆட்சி மாறியதில் கேட்பதற்கும் ஆளில்லாமல் போனது.

செமிலிங்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது வேறொன்றும் உறுத்துகிறது. எங்கள் ஊரை ஒட்டிய சுங்கை பத்துவில் பல நூற்றாண்டுக்கு முந்திய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. கெடாவின் பழைய பெயரான கடாரம் என்றால் தமிழ்நாட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஒவ்வொரு செங்கல்லுக்கும் எண், ஒவ்வோர் ஓட்டுச் சில்லுக்கும் அட்டை. வர வேண்டியதுதான், நானும் பெருமைப்படுகிறேன். அதே மண்ணில் பால் வெட்டிய மனிதர் 1943இல் எந்தப் பெட்டியில் ஏறினார் என்பதற்கு ஓர் அட்டை இல்லை. ராஜேந்திர சோழன் படை வந்ததைப் பற்றி மேடையில் பேச நமக்கு நாலு பேர் உண்டு. சொந்தத் தாத்தா போனதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை.

நம் எழுத்தாளர்கள் பேசியிருக்கிறார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். திரும்பி வந்தவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதியதால் அவற்றில் லயத்து வாசனை உண்டு. கைதிகளின் நாட்குறிப்புக்கு நிகராக நான் இவற்றை வைப்பேன். ஹாலிவுட் இன்னொரு முறை அந்தப் பாதைக்குத் திரும்பினால், ஆலோசகர் மேசையில் இருக்க வேண்டிய நூல்கள் இவை.

சுதந்திரத்துக்குப் பிறகு பிரஜா உரிமை மனு எழுதித் தரச் சொல்லித் தோட்ட ஆபீசுக்குப் பலர் வருவார்கள். தகப்பன் பெயர், பிறந்த இடம், இறந்த தேதி என்று வரிசையாகக் கேள்வி. ‘இறந்த தேதி’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். “சயாமுக்குப் போனாருங்க கிராணி ஐயா” என்பார்கள். அந்தப் பதிலுக்கு மனுவில் இடம் கிடையாது. பல பேருக்கு அந்த ஒரு கட்டத்தால் வருடக்கணக்கில் அலைச்சல். படத்தில் பொய் இருந்தால் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மனம் நோகும். தாள் இல்லாததால் நம் பிள்ளைகளுக்கு நீல நிற அடையாள அட்டையே தாமதமானது.

அந்தப் படம் வந்த 1957ஆம் ஆண்டு டிசம்பரில்தான் நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமும் தொடங்கியது. அதன் கெடா, பெர்லிஸ் கிளை அலோர்ஸ்டாரில் இருக்கிறது. அரசாங்கக் கோப்புகளுக்கு மட்டும் அது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். தனியார் கொடுக்கும் கடிதமும் படமும் அங்கே ஏற்கப்படும்.

இதைப் படிக்கிற கெடாக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் இருந்தால் ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், தகப்பன் பெயர், தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம், யாரோடு போனார், கடைசியாக யார் எங்கே பார்த்தார். தேதி தெரியாவிட்டால் தீபாவளிக்கு முன்னா பின்னா என்று எழுதினாலும் போதும். வீட்டில் தொண்ணூறைத் தொடுகிறவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள், போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். கோயில் நன்கொடைப் புத்தகம், பழைய தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தோட்டம் மூடும்போது ஆபீசிலிருந்து குப்பைக்குப் போகும் செக்ரோல் எது கையில் கிடைத்தாலும் எரிக்காதீர்கள். ஒரு நகலை அலோர்ஸ்டாருக்குக் கொடுங்கள், இன்னொன்றைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் வையுங்கள். என் பெரிய மாமாவின் பெயரை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.